ரஜுலா கப்பலும் செட்டிநாட்டு வளவுகளும்

வெள்ளிக்கிழமை, கானாடுகாத்தான்

ஒரு கப்பலின் பணி வரலாற்றை எழுத விரும்புகிறவர் வழக்கமாகத் துறைமுகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ போவார். நான் செட்டிநாட்டுக்கு வந்திருக்கிறேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1926 முதல் 1973 வரை ஓடிய ‘எஸ்.எஸ். ரஜுலா’ என்னும் நீராவிக் கப்பலைக் கட்டியவர் யார், அதன் டன் கணக்கு என்ன, எந்த ஆண்டில் கைமாறியது என்ற விவரங்கள் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. அதில் ஏறியவர்கள் எதை எடுத்துப் போனார்கள், எங்கே படுத்தார்கள், திரும்பும்போது எதைக் கொண்டுவந்தார்கள் என்பவை அந்த விவரங்களில் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் வாழும் ஊர்களில் கானாடுகாத்தானும் காரைக்குடியும் தேவகோட்டையும் முக்கியமானவை. அவர்களில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்துவிட்டதால், இந்தப் பயணத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று புறப்பட்டேன்.

செட்டிநாடு அரண்மனைக்கு அருகிலுள்ள தெருக்களில் இன்று மாலை நடந்தேன். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும், வளவு எனப்படும் வீடுகளில், முன்வாசலில் நின்றால் கட்டுக்குப் பின் கட்டாக நிலைகள் ஒரே நேர்க்கோட்டில் தெரிகின்றன. ஒரு வளவில் வழிகாட்டிய இளைஞர், இரண்டு கைகளாலும் அணைத்தாலும் அடங்காத தேக்குத் தூணைத் தட்டிக்காட்டி, “இதெல்லாம் ரஜுலா கப்பல்ல வந்ததுங்க” என்றார். பயணிகளிடம் அவர் அன்றாடம் சொல்லும் வாக்கியம் அது. அதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது என்பதால் எழுதுகிறேன். இந்த வீடுகளில் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளிலும் எழுந்தவை. ரஜுலா நீரில் இறங்குவதற்கு முன்பே முடிந்தவை அவற்றுள் ஏராளம். மேலும் பர்மாத் தேக்கு ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்தது. ரஜுலாவின் தடமோ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்பது. தூண்களையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் சுமந்து வந்தவை பெயர் மறந்துபோன வேறு கப்பல்கள். ரஜுலா சுமந்தது முதன்மையாக மனிதர்களை. ஊர் நினைவில் எல்லாக் கப்பல்களுக்கும் ரஜுலா என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டதற்குக் காரணம், அது மற்றவற்றைவிட நெடுங்காலம் ஓடியதும், கடைசியாக ஓடிய நீராவிக் கப்பல்களுள் ஒன்றாக இருந்ததும்தான்.

கப்பலின் உடைமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி; நம் ஊர்களில் பி.ஐ. கம்பெனி. வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தொடங்கிய கப்பல் கம்பெனி, 1862-இல் இந்தப் பெயரைப் பெற்றது. சென்னையில் அதன் முகவர்கள் பின்னி கம்பெனியார். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதை முறிக்க முனைந்ததும் இதே கம்பெனிதான். 1908-இல் அவர் சிறை சென்றார். 1911-இல் சங்கம் கலைந்தது. பி.ஐ. என்ற இரண்டெழுத்தைத் தமிழர்கள் வெறுப்போடும் நினைத்திருக்கிறார்கள், பிழைப்புக்கு வழிவிட்ட நன்றியோடும் நினைத்திருக்கிறார்கள். ரஜுலாவின் வரலாற்றை எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை, கானாடுகாத்தான்

இன்று நான் பார்க்க விரும்பிய பொருளைப் பார்த்தேன். நண்பரின் உறவினரான ஓர் ஆச்சி, ஐம்பதுகளின் இறுதியில் கணவரோடு பினாங்கு சென்றவர், இரண்டாம் கட்டிலுள்ள அறையைத் திறந்து தகர டிரங்குப் பெட்டி ஒன்றைக் காட்டினார். பச்சைப் பெயிண்ட் மூலைகளில் உதிர்ந்து, அடியில் பழைய சிவப்புப் பூச்சு தெரிந்தது. மூடியின் மேல் குடும்பத்தின் விலாசமான, அதாவது பெயர்ச் சுருக்கமான, நான்கு ஆங்கில எழுத்துகள், தூரத்திலிருந்தே கூலிக்காரர் அடையாளம் காணும் அளவுக்குப் பெரிதாக, வெள்ளை நிறத்தில் எழுதப்பட்டிருந்தன. பக்கவாட்டில் கம்பெனி ஒட்டிய சீட்டின் ஒரு துண்டு எஞ்சியிருந்தது. கப்பல் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் படிக்க முடிந்தது. மூடியின் உட்புறத்தில் துணிப் பையொன்று ஆணி வைத்து அடிக்கப்பட்டு, அதற்குள் அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்டதற்கான சான்றிதழ்கள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. இந்தச் சான்றிதழ் இல்லாமல் எவரும் ஏற முடியாது. கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டாலும் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவிலோ, சிங்கப்பூரை ஒட்டிய செயின்ட் ஜான்ஸ் தீவிலோ அறையின்றித் தளத்திலேயே பயணம் செய்யும் தளப்பயணிகள் தனிமைக் கொட்டகையில் நாட்களைக் கழிக்க நேரும். ஆகவே பணத்தைக் காட்டிலும் பத்திரமாகக் காக்கப்பட்ட காகிதம் அது.

“ஆச்சி, மெட்ராஸில் ஏறினீர்களா, நாகப்பட்டினத்திலா?” என்று கேட்டேன்.

“நாகப்பட்டினத்துலதான் தம்பி. கப்பலு கரைக்கு வராது. தூரத்துல கறுப்பா நிக்கும். தோணியில போகணும். அலை தூக்கும்போது ஏணி கைக்கு எட்டும், இறக்கும்போது தலைக்கு மேல போயிரும். அவுக முன்னாடி ஏறிட்டாக. நான் கண்ணை மூடிக்கிட்டு மேல நின்ன ஆளு கையைப் பிடிச்சேன்.”

நாகப்பட்டினத்தைத் துறைமுகம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் கட்டுரைகளில் இந்தத் தோணி இடம்பெறுவதில்லை. அது மணற்பாங்கான, ஆழமற்ற, திறந்த கடற்கரை. பெரிய கப்பல்கள் கரையை விட்டு விலகியே நங்கூரமிட்டன. ஆட்களும் மூட்டைகளும் படகுகளில்தான் போய்வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வலுத்தால் படகை அணைப்பதே பெரும்பாடு. ஓர் உழவுக் குடும்பத்துப் பெண், வாழ்நாளில் ஊருணியைத் தவிர வேறு நீர்நிலையைப் பார்த்திராதவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஏணியைப் பற்றியிருக்கிறார் என்பதை எண்ணும்போது, மொத்தப் பயணத்தின் கடினமான பகுதி கடலில் அல்ல, கரையிலிருந்து கப்பல் வரையிலான அந்தச் சிறு தொலைவில்தான் இருந்தது என்று தோன்றுகிறது.

ஆச்சி இரண்டாம் வகுப்பில் போனவர். அறையில் காற்று போதாததால் பகல் முழுவதும் மேல்தளத்துக்கு வந்துவிடுவாராம். அங்கே அவர் கண்டதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். குடும்பங்கள் பாயை விரித்து, பெட்டிகளை வரப்பைப் போல நான்கு பக்கமும் வைத்து, தங்கள் எல்லையைக் குறித்துக்கொண்டன. மேலே கித்தான் பந்தல். மழை சாய்ந்து அடித்தால் நனைய வேண்டியதுதான். நாகப்பட்டினத்தில் ஏற்றிய வெங்காய மூட்டைகளின் வாடை, பினாங்கில் இறக்கும் வரை கப்பலை விட்டு நீங்கவில்லை. நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு வந்த முஸ்லிம் வணிகர்கள் ஒரு பக்கம், பழனி முருகனுக்குக் காணிக்கை முடிந்துகொண்டு வந்தவர்கள் மறுபக்கம். முதல் இரண்டு நாட்கள் தலைசுற்றலில் யாரும் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஆச்சி பெட்டியைத் திறந்து சீப்புச் சீடையும் மாவுருண்டையும் எடுத்தபோது, அடுத்த பாயிலிருந்த முன்பின் தெரியாத குழந்தைகள் வந்து கை நீட்டினார்களாம். நான்கைந்து நாட்களில் பினாங்கு மலை தெரிந்தது.

இந்தக் காட்சியைக் கப்பலின் அமைப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். ரஜுலாவைக் கிளாஸ்கோ நகரின் பார்க்ளே கர்ல் கப்பல் கட்டும் தளத்தில் 1926-இல் கட்டினார்கள். ஏறத்தாழ 8,500 மொத்தப் பதிவு டன், இரண்டு சுழலிகள் (புரொப்பெல்லர்), ஒரே நீராவியை மூன்று உருளைகளில் படிப்படியாக விரியவைத்து ஆற்றலைப் பெறும் எந்திரங்கள், மணிக்கு 13 கடல் மைல் அளவில் வேகம். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் பி.ஐ. கம்பெனியின் அடையாளம். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் உடன்பிறப்பாக ‘ரோஹ்னா’ கட்டப்பட்டது. அந்தக் காலத்துப் பெருங்கப்பல்களோடு ஒப்பிட்டால் டன் கணக்கில் ரஜுலா நடுத்தரமானதே. ஆனால் தொடக்கத்தில் அதற்கு வழங்கப்பட்ட உரிமத்தில் தளப்பயணிகளின் எண்ணிக்கை 5,000-க்கும் மேல். உலகப் பயணிக் கப்பல்களில் மிகப் பெரிய எண்ணிக்கைகளுள் அது ஒன்று. அறை வகுப்புகளிலோ மிகச் சிலருக்கே இடம். அதாவது, சட்டம் சதுர அடிக் கணக்கில் ஒதுக்கிய வெறும் தளமே இந்தக் கப்பலின் வருவாய்க்கு அடிப்படை. அறைகளின் மரவேலைப்பாட்டையும் உணவுக்கூடத்தின் வெள்ளிக் கரண்டிகளையும் விவரிக்கும் வழக்கமான கப்பல் வரலாறு, ரஜுலாவைப் பொறுத்தவரை கப்பலின் ஒரு மூலையை மட்டுமே விவரித்ததாகும். போருக்குப் பின் தளப்பயணிகளின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். ஆச்சி கண்ட நெரிசல், குறைத்த பிறகு இருந்த நெரிசல்.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் பெரும்பாலும் சம்பளச்சீட்டு என்னும் வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போனவர்கள். பெட்டியடி என்னும் வட்டிக்கடையில் மேலாள் (முதன்மை முகவர்), அடுத்தாள் (உதவியாளர்) என்று ஆட்கள் மாறும் காலம் கப்பல் வரும் நாளை ஒட்டியே அமைந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தொழில் நடத்திய கட்டடமான கிட்டங்கியில் ஒருவர் கணக்கை ஒப்படைத்தால்தான் மற்றவர் கப்பலேற முடியும். செட்டிநாட்டில் திருமண நாள் குறிப்பதற்கும் ரஜுலாவின் வருகைக்கும் தொடர்பு இருந்தது என்று ஆச்சி சொன்னபோது நான் வியப்படையவில்லை. மாப்பிள்ளை கப்பலில் வர வேண்டுமல்லவா?

ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடி

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் காலையில் பார்த்தேன். எனாமல் தூக்குச்சட்டிகள், பிஸ்கட் டின்கள், சுவர்க்கடிகாரங்கள். கடைக்காரர்களுக்குப் பொருளின் விலை தெரிந்த அளவுக்கு அது வந்த வழி தெரிவதில்லை. யார் வீட்டுப் பொருள் என்ற குறிப்பு விற்பனையின்போதே அறுந்துவிடுகிறது. டிரங்குப் பெட்டிகளைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். விலாசத்தையும் கப்பல் சீட்டையும் சுரண்டிய பிறகு அது வெறும் தகரம் என்பதை ஒரு கடைக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், இனிச் சுரண்டுவதற்கு முன் படமெடுத்து வைப்பதாகவும் சொன்னார்.

பிற்பகலில் ஊருக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையில், பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இளைஞராக இருக்கும்போது பெற்றோருடன் ஊர் திரும்பிய ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவருடைய பாட்டனார், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்து, கம்பெனி செலவில் தளத்தில் போனவர். ‘கம்பெனி செலவு’ என்று குடும்பத்தில் சொல்லப்பட்டாலும், அந்தப் பணம் 1907-இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து வந்திருக்கும். ஆள் தேவைப்பட்ட தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகை அது. 1938-இல் இந்திய அரசு உதவிக் கட்டணத்தில் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. ரஜுலாவின் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் தொழிலாளர் போக்குவரத்தையே நம்பியிருந்தன என்று சொன்னால் தவறாகாது. செட்டியார் வீட்டுப் பெட்டி இன்றும் இருக்கிறது. துணி மூட்டையோடு போனவரின் மூட்டை இல்லை. கப்பலை நிரப்பியவர்கள் அவர்கள்தான் என்றாலும், செட்டிநாட்டு வீடுகளை மட்டும் பார்த்து எழுதினால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

“நீங்கள் எப்போது வந்தீர்கள், ஐயா?” என்றேன்.

“எழுவதுல. எங்க அப்பாவுக்குச் சிவப்பு ஐ.சி. வேலை செய்ய பெர்மிட் வேணும்னாங்க, கிடைக்கல. இனி இங்க என்ன இருக்குன்னு ரஜுலாவுல கிளம்பிட்டோம். நான் அழுதேன். எங்க ஊரு அதுதானே, இது எனக்குத் தெரியாதே.”

1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் மலேசிய அரசு, சிவப்பு அடையாள அட்டை (ஐ.சி.) வைத்திருந்த, குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர்களின் வருகையை இறுக்கியிருந்தது. போவோர் குறைந்து வருவோர் மிகுந்த கடைசி ஆண்டுகளில், ரஜுலா வாழ்க்கையை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்களின் கப்பலாக மாறியது. தையல் இயந்திரம், சைக்கிள், ரேடியோ, கோழிக் கூடு வரை தளத்தில் வந்ததாகப் பெரியவர் நினைவுகூர்ந்தார். இறங்கியபோது சுங்கத்தில் ரேடியோவுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

போர்க்காலத்தைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இரண்டு சகோதரக் கப்பல்களும் துருப்புக் கப்பல்களாயின. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால், ஜெர்மானிய விமானம் ஒன்று வானொலி அலைகளால் வழிநடத்திய குண்டை ரோஹ்னா மீது ஏவியது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமெரிக்கப் படையினர், எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கப்பலின் இந்திய மாலுமிகள். வழிநடத்தப்படும் குண்டைப் பற்றிய செய்தி வெளியே போகக் கூடாது என்பதற்காக அமெரிக்க அரசு இதை நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தது. அமெரிக்காவில் இன்று அந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து தமிழர்களை ஏற்றிச்சென்ற அந்தக் கப்பலின் பெயரை இன்று நான் பேசிய எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ரஜுலா தப்பித்தது, அதனால் நினைவிலும் இருக்கிறது.

திங்கட்கிழமை, காரைக்குடி

இன்று அழகப்பா செட்டியார் உருவாக்கிய கல்விக்கூடங்கள் இருக்கும் பகுதிக்குப் போனேன். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் கொண்டிருந்த அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். உலோக அரிப்பு இந்த ஆய்வகத்தின் முதன்மையான துறைகளில் ஒன்று. கடல்நீரில் இரும்பு எவ்வாறு அரிக்கிறது என்பதை ஆராய மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு கப்பலின் ஆயுளை முடிவு செய்வது இந்த அரிப்புதான்.

ரஜுலா தறையாணிகளால் (ரிவெட்) இணைத்த எஃகுத் தகடுகளாலான கப்பல். வெப்பமான, உப்பு மிகுந்த வங்கக் கடலில் அதன் அடிப்பகுதி ஓயாமல் கிடந்தது. எஃகும் வெண்கலச் சுழலியும் ஒரே உப்புநீரில் இருக்கும்போது அவற்றிடையே மின்னோட்டம் பிறக்கிறது. வெண்கலம் பிழைத்து எஃகு கரைகிறது. அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பின்புறத் தகடுகளில் பொருத்துவார்கள். எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். கரைந்ததும் புதிய கட்டி. அடியில் பாசியும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரும் ஒட்டி வளர்ந்தால் வேகம் குறைந்து எரிபொருள் செலவு கூடும். ஆகவே உலர்துறையில் ஏற்றி, சுரண்டி, பூச்சடித்து இறக்குவது கால இடைவெளி தவறாமல் நடக்க வேண்டிய வேலை. பயணிக் கப்பல்கள் பல இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் ஓய்வு பெற்றுவிடுகையில், இடையில் ஒரு போரையும் கண்டு, 47 ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே தடத்தில் ரஜுலா ஓடியது என்பது, கிளாஸ்கோவில் கட்டியவர்களின் திறமைக்கும், சுரண்டிப் பூச்சடித்த பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களின் உழைப்புக்கும் ஒருசேரச் சான்றாகும்.

1973-இல் பி.ஐ. கம்பெனி அதை விற்றது. இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயரிட்டது. ரங்கத் அந்தமானில் ஓர் ஊர். அடுத்த ஆண்டே கப்பல் உடைக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியது கழகத்தின் ‘எம்.வி. சிதம்பரம்’. பிரான்சின் டன்கர்க் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் 1966-இல், மெசாஜரி மரிடீம் கம்பெனிக்காக ‘பாஸ்டர்’ என்ற பெயரில் கட்டப்பட்டு, ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. 18,000 டன்னை நெருங்கும் அளவு. ரஜுலாவைவிட இரு மடங்கு பெரியது, வேகமும் மிகுந்தது. டீசல் எந்திரம், நீச்சல் குளம், குளிரூட்டிய கூடங்கள். பெயர் தில்லையைக் குறித்ததோ வேறு எவரைக் குறித்ததோ, பி.ஐ. கம்பெனியின் தடத்தில் சிதம்பரம் என்ற பெயருடைய இந்தியக் கப்பல் ஓடியதை எண்ணித் தூத்துக்குடிக்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

அதன் பணிக்காலம் குறுகியது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் கப்பலில் தீப்பற்றிப் பலர் இறந்தனர். கப்பல் மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை; உடைக்கப் போய்விட்டது. அதற்குள் விமானக் கட்டணம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டத் தொடங்கியிருந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிக் கப்பல் சேவைக்கு அந்தத் தீயே முடிவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை, தேவகோட்டை

இன்றைக்கு நான் சந்தித்தவர், எழுபதுகளின் இறுதியில் சிதம்பரம் கப்பலில் பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பில் சிங்கப்பூர் போனவர். சில ஆண்டுகளுக்கு முன் மக்கள், பேரக்குழந்தைகளோடு சென்னையிலிருந்து ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பலிலும் போய்வந்தவர். கார்டிலியா நிறுவனத்தின் அந்தக் கப்பலை 2022 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 2023-இல் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போகத் தொடங்கியது.

“அம்மான், இரண்டில் எது பிடித்திருந்தது?” என்று நண்பர் அவரிடம் கேட்டார்.

“புடிச்சுதுன்னா புதுசுதான்ப்பா, ஏ.சி., கச்சேரி, பத்து வகைச் சாப்பாடு. ஆனா அதுல எங்கேயும் போகலையே. ஏறின இடத்துலயே கொண்டாந்து இறக்கிட்டான். சிதம்பரத்துல நான் போனது பொழைக்க.”

அவருடைய சொல் நியாயமானதுதான். ஆனாலும் எம்ப்ரஸின் வரலாறு அவ்வளவு தொலைவானதல்ல என்று அவரிடம் சொன்னேன். சிதம்பரம் பிறந்த அதே பிரான்சில்தான், செயின்ட் நசேர் தளத்தில், எம்ப்ரஸும் கட்டப்பட்டது. 1990-இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தது. 48,563 டன், 211 மீட்டர் நீளம். மியாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளுக்கு மூன்று நான்கு நாள் உல்லாசப் பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதால், ஏறின இடத்தில் இறக்குவதுதான் அதன் வேலை. 2004-இல் பெயர் ‘எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ்’ ஆயிற்று. 2008-இல் ஸ்பெயினின் புல்மந்தூர் நிறுவனத்துக்குப் போய் வெறும் ‘எம்ப்ரஸ்’ ஆனது. 2016-இல் பழைய நிறுவனத்துக்கும் பழைய பெயருக்கும் திரும்பி, 2017-இல் கியூபாவின் ஹவானா வரை போனது. கொரோனா காலத்தில் கப்பல்கள் முடங்கியபோது, 2020 இறுதியில் விற்கப்பட்டு, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பயணிகளுடன் புறப்பட்டது.

பாஸ்டர் சிதம்பரமானதும் இதே வழியில்தான். மேலை நாட்டுக் கம்பெனிக்குப் பயன் குறைந்த கப்பல் நம் கரைக்கு வந்து இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்குகிறது. இதில் குறை காண ஒன்றுமில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய கப்பல் நல்ல கப்பலே. நான் கவலைப்படுவது வேறொன்றைக் குறித்து. எம்ப்ரஸின் ஒவ்வொரு பெயர் மாற்றமும் கைமாற்றமும் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. பயணிகள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரஜுலாவின் மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்த பல்லாயிரம் பேரைப் பற்றி அப்படி எதுவும் இல்லை. அம்மானும் அதை ஒப்புக்கொண்டு, உள்ளே போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பச்சி (தந்தை) 1930-களில் பினாங்கு போனபோது எழுதிய செலவுக் கணக்கு அது. தோணிக்கூலி, பெட்டி சுமந்தவருக்கு, டிக்கெட், வழியில் இளநீர், பினாங்கு தண்டாயுதபாணிக்கு அர்ச்சனை என்று அணாவும் பைசாவுமாக ஒரு பக்கம் நிறைந்திருக்கிறது. கப்பலின் பெயர் மேலே மைக்கறையோடு தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தைப் படமெடுக்க அவர் இசைந்தார். விலாசத்தை மறைத்து, அடுத்த பதிவில் முழுக் கணக்கையும் வரி வரியாகப் பெயர்த்து எழுதுகிறேன். தளத்துக்கான டிக்கெட்டா அறைக்கான டிக்கெட்டா என்பதை அந்தத் தொகையை வைத்துக் கண்டறிய முடியும் என்று நினைக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வாசகர்கள் வீட்டில் இத்தகைய கணக்கு நோட்டோ, ஊசிச் சான்றிதழோ, டிக்கெட் அடிக்கட்டையோ இருந்தால், கப்பலின் பெயரும் ஏறிய துறைமுகமும் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். ரோஹ்னாவின் பெயர் எதிலாவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.